நடுநிலைத் தராசில் ஒரு விமானி

இறந்தோரின் நற்பண்புகளையே நினைவுகூர வேண்டும் என்பது நம்மிடையே வழிவழியாக வந்துள்ள நன்னெறி. மையவாடியிலிருந்து திரும்பும் வழியில் எவரேனும் இறந்தவரின் குறையைப் பேசத் தொடங்கினால், பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவதை நாம் சிறுவயது முதலே கண்டிருக்கிறோம். ஆயினும் அதே பெரியவர்கள் நமக்கு ஓதிக்கொடுத்த அரபுக் கிதாபுகளில், மறைந்துபோன ஆயிரக்கணக்கான மனிதர்களின் குறைகள் பெயர் பெயராக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. இன்னார் மறதிக்காரர், இன்னார் முதுமையில் தடுமாறினார், இன்னார் நல்லவர்தாம், எனினும் அவர் தனித்துக் கூறும் செய்தியை ஏற்பதற்கில்லை. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தும்?

இக்கேள்வியை நம்மிடம் ஓதும் ஆம்பூர் மாணவர் ஒருவர் எழுப்பினார். அன்று பாடம், எகிப்தில் காழியாக விளங்கி ஹிஜ்ரி 174இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆவைப் பற்றியது. அவருடைய நூல்கள் தீக்கிரையானபின் அவர் அறிவித்த செய்திகளில் பிழைகள் மிகுந்தன என்று அறிஞர் எழுதியிருப்பதை விளக்கிக்கொண்டிருந்தோம்.

"ஹஜ்ரத், மவுத்தானவங்க குறையைப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்கே எழுதியே வெச்சிருக்காங்களே?" என்றார் அவர். நூல்களில் உள்ள விடையைச் சொன்னோம். புறம் பேசுதல் பெரும்பாவமே. ஆயினும் மக்களைத் தீங்கினின்று எச்சரிப்பது முதலிய ஆறு நிலைமைகளில் ஒருவரின் குறையைச் சொல்ல இடமுண்டு என்று இமாம் நவவீ வகுத்திருக்கிறார்கள் என்றோம். மாணவர் நிறைவடையவில்லை. சிறிது தயங்கியபின், "அப்போ கரிப்பூர் விமானியைப் பற்றி என்ன எழுதுவீங்க ஹஜ்ரத்?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மாமா துபாயில் வேலையிழந்து, 2020ஆம் ஆண்டு வந்தே பாரத் விமானமொன்றில் ஊர் திரும்பியவர். நம் மாணவருக்குக் கரிப்பூர் தொலைதூரத்துச் செய்தியன்று. தம் வீட்டுக்கு நேராமல் தப்பிய ஒன்று. அன்று நாம் விடை கூறாது பாடத்தை முடித்துவிட்டோம். பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு இப்போது அதனை எழுத முற்படுகிறோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தை அறிந்தோர்க்கு இங்குள்ள வாழ்க்கையின் மூன்று இழைகள் தெரியும். ஒன்று தோல். மற்றொன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பயணம். மூன்றாவது இராணுவம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவரேனும் படையில் சேர்ந்ததால் அதனை இராணுவப்பேட்டை என்றே வழங்குவர். தோலுக்கும் படைக்கும்கூட உறவு உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்குச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் பெருமளவில் சென்றது. ஆகவே, படையிலிருந்து ஓய்வுபெற்று, வளைகுடாவிலிருந்து மக்களை ஏற்றிவரும் பணியில் இருந்த ஒரு விமானியின் கதை நம் வட்டாரத்தார்க்கு அன்னியமானதாகாது.

அவர் பெயர் தீபக் வசந்த் சாத்தே. இராணுவ அதிகாரி ஒருவரின் மகன். குடும்பம் நாகபுரியைச் சார்ந்தது. கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் 58ஆவது அணியில் பயின்றவர். 1981ஆம் ஆண்டு விமானப்படைக் கல்விக்கழகத்திலிருந்து வெளிவருகையில் சிறந்த பயிற்சியாளர்க்குரிய வீரவாளைப் பெற்றார். 'பொன் அம்புகள்' எனப்படும் 17ஆவது அணியில் போர்விமானியாகப் பணியாற்றினார். சோதனை விமானியாகவும் விளங்கினார். சோதனை விமானி என்போர், ஒரு விமானம் எந்த எல்லைவரை தாங்கும் என்பதைத் தம் உயிரைக் கொண்டே அளந்து பார்ப்போர். அப்பணி எளிதில் எவர்க்கும் தரப்படுவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து, விங் கமாண்டர் பதவியில் 2003ஆம் ஆண்டு ஓய்வுபெற்றார். பின்னர் ஏர் இந்தியாவிலும், அதனைத் தொடர்ந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் பயணிகள் விமானத்தின் தலைமை விமானியானார். அவர் வானில் கழித்த நேரம் பத்தாயிரம் மணியைத் தாண்டியது.

இவ்வளவும் ஒரு தட்டில். மற்றொரு தட்டில் வைக்கவேண்டியது 2020 ஆகஸ்டு 7ஆம் நாள் இரவு.

அன்று துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட ஐஎக்ஸ் 1344 என்ற போயிங் 737 விமானத்தில் 184 பயணிகளும் ஆறு பணியாளர்களுமாக 190 பேர் இருந்தனர். பயணிகளுள் பத்துப் பேர் கைக்குழந்தைகள். கொரோனா நோயினால் வழக்கமான விமானங்கள் நின்றுபோயிருந்த காலம் அது. மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் திட்டத்தின் கீழ், வேலையிழந்தோரும், விசா முடிந்தோரும், உறவினரைக் காணச் சென்று அங்கேயே அகப்பட்டுக்கொண்டோரும் திரும்பிக்கொண்டிருந்தனர்.

கோழிக்கோடு விமான நிலையம் எனப்படுவது உண்மையில் மலப்புறம் மாவட்டத்துக் கரிப்பூரில், கொண்டோட்டிக்கு அண்மையில் உள்ளது. குன்றின் தலையைச் சமன்செய்து அமைத்த நிலையம். ஓடுபாதையின் முனைக்கு அப்பால் நிலம் சரிந்து பள்ளமாகிவிடும். அன்றிரவு மழை. முதன்முறை இறங்க முயன்றபோது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் சிறிது நேரம் ஓடி நின்றுவிட்டது. விமானம் இறங்காது மேலெழுந்தது. பின்னர் ஓடுபாதையின் எதிர்முனையிலிருந்து இறங்க முற்பட்டது. ஏழே முக்கால் மணிக்குச் சற்று முன்னர் ஓடுபாதையைக் கடந்து ஏறத்தாழ 110 அடிப் பள்ளத்தில் வீழ்ந்து மூன்று துண்டாயிற்று. பயணிகளுள் பத்தொன்பது பேரும், விமானிகள் இருவருமாக இருபத்தொரு பேர் மாண்டனர். துணை விமானி அகிலேஷ் குமார் முப்பது வயதைச் சற்றே தாண்டிய இளைஞர்.

அடுத்த நாளே ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி பரவிற்று. நமக்கும் பலர் அனுப்பினர். விமானத்தின் சக்கரங்கள் இயங்கவில்லை என்றும், தீப்பிடிக்காதிருக்க எரிபொருளைத் தீர்க்கவேண்டி விமானி மூன்று முறை வானில் வட்டமிட்டார் என்றும், தம்முயிரை ஈந்து ஏனையோரைக் காத்தார் என்றும் அது கூறிற்று. படித்தபோது நம் கண்களும் கலங்கின என்பதை மறைப்பதற்கில்லை. நாமும் அதனைச் சிலருக்கு அனுப்பினோம்.

அது உண்மையன்று. விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. சக்கரங்கள் பழுதாகவில்லை, எரிபொருளைத் தீர்ப்பதற்காக எவரும் வட்டமிடவில்லை.

இங்கு நம் துறையின் பழைய அனுபவம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். பொய்ச் செய்திகளைப் புனைந்தோர் அனைவரும் தீயவர் அல்லர். நன்மையின்மேல் கொண்ட ஆர்வத்தால், மக்கள் நற்செயலில் நாட்டங்கொள்ளட்டும் என்று கருதிச் சிறப்புரைகளைப் புனைந்த வணக்கசாலிகளும் இருந்தனர். ஹதீஸ்கலை அறிஞர் அவர்களையே மிகவும் அஞ்சினர். ஏனெனில் அன்பின் உடையில் வரும் பொய்யை எவரும் சோதிப்பதில்லை. சாத்தே அவர்களைப் பற்றிய கதையும் அத்தகையதே. அதைப் பரப்பினோர் அவரை நேசித்தனர். ஆயினும் இல்லாத சக்கரப் பழுதைப் புனைந்தபோது, உண்மையில் நேர்ந்ததைக் கேட்டறியும் ஆவலை மக்களிடமிருந்து அவர்கள் எடுத்துவிட்டனர்.

அறிக்கையை நாம் தனியே படித்திருப்பின் அதன் நுட்பங்கள் விளங்கியிரா. விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, கம்மவான்பேட்டைப் பக்கத்தில் வாழ்ந்துவரும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. இரண்டு மாலைப்பொழுதுகள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வரிவரியாகப் படித்துப் பொருள் கூறினார்.

விமானம் தரையைத் தொட்ட இடம், 8,858 அடி நீளமான ஓடுபாதையில் 4,438ஆவது அடி. அதாவது பாதைப் பாதையைக் கடந்தபின்னரே சக்கரம் நிலத்தைத் தொட்டது. அப்போது காற்று பின்புறமிருந்து 14 நாட் வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. நிலத்தை நோக்க விமானத்தின் வேகம் 165 நாட். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எதிர்க்காற்றில் இறங்கினால் காற்றே வேகத்தைத் தணிக்கும். பின்காற்றில் இறங்கினால் அதுவே வேகத்தைக் கூட்டும். நனைந்த தரையில் எஞ்சிய தூரம் போதவில்லை.

தரையைத் தொடுமுன் துணை விமானி, இறங்காமல் மேலெழும்புமாறு குரல் கொடுத்தார். அக்குரல் ஏற்கப்படவில்லை. முறைப்படி நிலைகொள்ளாத இறக்கத்தை நிறுத்தாது தொடர்ந்ததும், அக்குரலுக்குப் பின்னும் இறங்கியதுமே விபத்தின் காரணமாகக்கூடும் என அறிக்கை முடிவு கூறுகிறது. தலைமை விமானி கேளாதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் அது குறிக்கிறது.

இவ்விடத்தில் நண்பர் காகிதத்தைக் கீழே வைத்தார். "பாய், இறங்காம மேலே கிளம்புறது விமானிக்கு அவமானம் இல்லை. அதுக்காகத்தான் எரிபொருளைக் கூடுதலா ஏத்தி அனுப்புறாங்க. அன்னிக்கும் வேற ஊருக்குப் போற அளவுக்கு இருந்தது," என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "வீரவாள் வாங்கினவர். எங்களுக்கெல்லாம் அவர் மாதிரி ஆளுங்கன்னா தெய்வம்," என்றும் சொன்னார்.

அவ்விரு கூற்றுகளுக்கும் இடையே அவர் பட்ட வேதனையை நாம் கண்டோம். இரண்டுமே உண்மை. ஒன்றைக் கூறுவதற்காக மற்றொன்றை விழுங்க அவர் விரும்பவில்லை.

பிழையை ஒரே மனிதரின் தலையில் கட்டிவிட்டு நகர்வதும் நீதியாகாது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்படவேண்டிய விமானத்தையும் சாத்தே அவர்களே ஓட்டவேண்டியிருந்தது. அங்கே நிறுவனம் போதிய தலைமை விமானிகளை அமர்த்தியிருக்கவில்லை. எப்படியும் அன்றிரவு கோழிக்கோட்டிலேயே இறங்கிவிடவேண்டும் என்ற எண்ணம் அவரை உந்தியிருக்கிறது என்பதை அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. அமைப்பின் குறைகளும் விபத்துக்குத் துணைக்காரணம் என்று அது எழுதியிருக்கிறது. கடமையுணர்வு மிக்க மனிதரை அவருடைய கடமையுணர்வே தவறான இடத்தில் உந்துமாறு ஒரு பணிப்பட்டியல் அமைந்துவிட்டது.

இனி, இதையெல்லாம் எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். விடை கரிப்பூருக்கு வடக்கே, மங்களூரில் உள்ளது.

2010 மே 22ஆம் நாள், இதே துபாயிலிருந்து, இதே நிறுவனத்தின், இதே வகை விமானமொன்று மங்களூரில் இறங்கிற்று. அதுவும் குன்றின்மேல் அமைந்த நிலையமே. அங்கும் விமானம் முறைப்படி நிலைகொள்ளாமலே இறங்கியது. அங்கும் துணை விமானி மேலெழும்புமாறு குரல் கொடுத்தார். மூன்று முறை கொடுத்தார் என்று விசாரணை மன்றம் கண்டது. அங்கும் அனுபவம் மிக்க தலைமை விமானி அதனை ஏற்கவில்லை. விமானத்திலிருந்த 166 பேரில் 158 பேர் இறந்தனர். எட்டுப் பேரே பிழைத்தனர்.

பத்தாண்டு கழித்து அதே வரிகளைப் புதிய அறிக்கையில் எழுதவேண்டி வந்ததே, அதுதான் நம்மை வருத்துகிறது. மங்களூரின் பாடம் ஏடுகளில் இருந்தது; பயிற்சிகளில் சொல்லப்பட்டது. ஆயினும் மூத்தவர் ஒருவர் பிழைசெய்யும் நொடியில் இளையவர் தடுக்கலாம், தடுக்கவேண்டும், தடுத்தால் மூத்தவரின் மதிப்பு குறையாது என்பது விமானியறையின் பழக்கமாக வேரூன்றவில்லை. இது விமானிகளுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் வீடுகளிலும், ஜமாஅத்துகளிலும், நாம் ஓதிக்கொடுக்கும் வகுப்பிலும் பெரியவரின் பிழையைச் சிறியவர் சுட்டினால் என்ன நேர்கிறது என்பதை நாம் அறிவோம். நம் மாணவர் கேள்வி கேட்டபோது நாமே விடையை ஒத்திப்போட்டவர்கள்தாமே!

அறிவிப்பாளர் வரலாற்றுக் கலையில் ஒரு மனிதரை இரண்டு அளவைகளால் அளப்பர். ஒன்று அதாலத், அஃது அவருடைய நேர்மை. மற்றொன்று ளப்த், அது பெற்றதைப் பிசகாது காத்துத் தரும் திறன். நேர்மையில் ஐயமற்ற ஒருவரும் திறனில் ஓரிடத்தில் சறுக்கலாம். சறுக்கலைக் குறிப்பதால் நேர்மை பழிக்கப்படுவதில்லை. அலீ இப்னுல் மதீனீ என்னும் பேரறிஞரிடம் அவருடைய தந்தையைப் பற்றி வினவியபோது, முதலில் தயங்கிப் பிறரைக் கேட்குமாறு கூறினார் என்றும், பின்னர் தந்தை இக்கலையில் பலவீனரே என்று தாமே சொல்லிவிட்டார் என்றும் எழுதிவைத்துள்ளனர். தந்தையை அவர் நேசிக்கவில்லை என்று எவரும் கூறவில்லை. ஹிஜ்ரி 748இல் (கி.பி. 1348) மறைந்த இமாம் தஹபீ, குறை கூறப்பட்ட அறிவிப்பாளரைப் பற்றித் தாம் தொகுத்த பெருநூலுக்கு 'மீஸானுல் இஃதிதால்', அதாவது நடுநிலைத் தராசு என்று பெயரிட்டார். குறைகளின் தொகுப்புக்குத் தராசு என்று பெயரிட்டதன் கருத்து எண்ணத்தக்கது.

இதனை நம் ஊர்த் தொழிலைக்கொண்டும் விளக்கலாம். பதனிட்ட தோலைத் தரம்பிரிப்போர் அதனை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பர். உரிக்கும்போது நேர்ந்த கத்திவெட்டோ, உண்ணி கடித்த வடுவோ தென்பட்டால் அவ்விடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுவர். வட்டமிட்டதனால் அத்தோலை எவரும் வீசிவிடுவதில்லை. வெட்டுவோர் அவ்விடத்தைத் தவிர்த்து வெட்டிக்கொள்வர். வெட்டை மறைத்து மெருகேற்றி அனுப்பினால் ஒருநாள் எவரோ ஒருவர் காலில் அச்செருப்பு அவ்விடத்திலேயே கிழியும்.

கரிப்பூரின் கதையில் இன்னொரு பகுதியைச் சொல்லாது முடித்தால் நம் தராசும் பிழையுடையதாகும். அன்றிரவு சுற்றுவட்டாரத்து மக்கள் கொட்டும் மழையில் பள்ளத்தை நோக்கி ஓடினர். அப்பகுதியில் கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வருவோரைத் தொடவே ஊரெங்கும் அஞ்சிய நாள்கள் அவை. எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் எண்ணி நிற்காமல், தாய் யார் தந்தை யார் என்று அறியாத குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தத்தம் வாகனங்களில் மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். இரவோடிரவாகக் குருதி கொடுக்க வரிசையில் நின்றனர். பின்னர் நோய் பரவாதிருக்கத் தாமே தனிமையிலும் இருந்தனர். 169 பேர் பிழைத்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2022ஆம் ஆண்டு, பிழைத்தோரும் இறந்தோரின் உறவினரும் ஒன்றுகூடி, அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் எழுப்பித் தருவதாக அறிவித்தனர். நன்றியை அவர்கள் செலுத்த நினைத்த வழி அது.

அம்மக்களுக்கு எவரும் கதை புனைய வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடந்தவாறே சொன்னாலே போதுமானதாக இருந்தது. சாத்தே அவர்களுக்கும் அது போதும் என்பதே நம் கருத்து. இருபத்திரண்டு ஆண்டுகள் நாட்டின் வானைக் காத்தவர். பத்தாயிரம் மணிக்கு மேல் பறந்து எண்ணற்றோரை வீடு சேர்த்தவர். நோய்க்காலத்தில் அஞ்சாது பணிக்குச் சென்றவர். ஒரு மழையிரவில், ஏற்றிருக்கவேண்டிய ஒரு குரலை ஏற்காது இறங்கியவர். இந்நான்கையும் ஒருசேர எழுதுவதே அவருடைய வரலாறு. கடைசி வரியை அழித்தால் அது புகழ்மாலை. முதல் மூன்றையும் அழித்தால் அது பழி.

மாணவர் கேட்ட அன்று பாடத்தில் இருந்த இப்னு லஹீஆவிடமே மீண்டும் வருவோம். நூல்கள் எரிந்தபின் அவர் தடுமாறினார் என்று எழுதிய அதே அறிஞர்கள், அதற்கு முன்னரே அவரிடம் கேட்ட அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், இப்னு வஹ்பு ஆகியோரின் அறிவிப்புகளைச் சிறப்பித்துக் கூறினர். தடுமாற்றம் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்ததனாலேயே, கோட்டுக்கு முன்னுள்ள வாழ்நாள் உழைப்பு காப்பாற்றப்பட்டது. குறையை மறைத்திருந்தால் ஐயம் முழுவதன்மீதும் படர்ந்திருக்கும்.

இதனை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னோம். அம்மாணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்தத் துணை விமானி சொன்னது சரிதானே ஹஜ்ரத்?" என்றார்.

ஆம் என்றோம். அவர் குரல் கொடுத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இனி வகுப்பில் நாம் பிழையாக ஓதினால் உடனே நிறுத்திச் சொல்லுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டோம். மறுநாளே ஒரு ஹிஜ்ரி ஆண்டை நாம் மாற்றிச் சொன்னபோது, அவர் எழுந்து நின்று திருத்தினார்.